கையாளும் பிழை

அந்த ஊசியை இன்குபேட்டருக்குள் வைத்தது நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. அந்த அறையில் அப்போது என்னைத் தவிர ஈ காக்கை இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் எனக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். கையுறை போடாமல் யாராவது கதவைத் தொட்டால் கத்துவேன். தேதி எழுதாத குப்பி என் கண்ணில் பட்டால் நேரே குப்பைத் தொட்டிக்குப் போகும். எந்த வேலையை எத்தனை மணிக்கு ஆரம்பித்தோம், எத்தனை மணிக்கு முடித்தோம் என்று நிமிஷக் கணக்காக எழுதி வைப்பேன். பதினொரு வருஷமாக டெக்னீஷியன் வேலை. புதிதாகச் சேர்கிறவர்கள் தலைமை டாக்டரைவிட எனக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். அப்படிப்பட்ட நான் செய்த காரியம் இது.

தலைமை டாக்டர் வேறு யாருமில்லை, என் அண்ணி. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வயதில் என்னைவிட மூன்று வருஷம் சின்னவர், முறையில் மூத்தவர். ஒரே வீட்டில் கீழே அவர்கள், மேலே நான். காலையில் ஒரே காரில் வருவோம். ஆனால் ஆய்வக வாசலைத் தாண்டிவிட்டால் உறவு கிடையாது, அங்கே அவர் டாக்டர், நான் டெக்னீஷியன். அது அண்ணி போட்ட சட்டம். சட்டம் என்றால் எனக்குப் பிடிக்குமே, நானும் மீறியதில்லை.

நாங்கள் செய்வது, கல்லீரல் செல்களுக்குக் குடியிருக்க இடம் கட்டுகிற வேலை. அந்த இடம் ஒரு ஜெல். வெண்ணெயும் மெழுகும் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். இந்த ஜெல்லுக்குப் பிறவியிலேயே கோணல் புத்தி. ஐஸில் வைத்தால் தண்ணீராக ஓடும், உடம்புச் சூடு பட்டால் இறுகி உட்கார்ந்துவிடும். இதைப் போய் என் அண்ணிக்குப் பிடித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்தக் கோணல்தான் எங்களுக்கு வேண்டியது. குளிர்ந்த ஜெல்லில் செல்களைக் கலந்து, வயிற்றைக் கிழிக்காமல் ஒரு ஊசி வழியாகவே பழுதான ஈரலுக்குள் செலுத்திவிடலாம். உள்ளே போனதும் அது இறுகும். செல்கள் அதற்குள் பத்திரமாக உட்கார்ந்து ஈரலின் வேலையைப் பார்க்கும். இப்படி ஒருநாள் நடக்கும் என்பது அண்ணியின் நான்கு வருஷக் கனவு. இப்போதைக்கு எங்களிடம் நோயாளி யாரும் கிடையாது. உடம்புச் சூட்டில் வைத்த, கட்டைவிரல் நகம் அளவில் குழி உள்ள மூன்று அச்சுகள்தான் எங்கள் நோயாளிகள். அவற்றில் ஊசி போட்டு, மறுநாள் நூற்றுக்கு எண்பது செல்லாவது உயிரோடு இருந்தால் அடுத்த கட்டத்துக்கு அனுமதி. இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

மூன்று முறை முயன்று மூன்று முறையும் மண்ணைக் கவ்வினோம். முதல் முறை ஊசி ரொம்ப மெல்லிசு, செல்கள் உடைந்துவிட்டன. இரண்டாம் முறை ஜெல் ரொம்பக் கெட்டி. மூன்றாம் முறை அந்த இரண்டையும் சரி செய்திருந்தோம். ஆனால் முதல் அச்சில் செல்லையே காணோம், கடைசி அச்சில் திருவிழாக் கூட்டம். கூட்டத்தில் சிக்கியவை மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தன. அந்த அறிக்கையில்தான் அண்ணி அந்த இரண்டு வார்த்தைகளை எழுதினார். தோல்விக்குக் காரணம்: கையாளும் பிழை.

கையாள்வது யார்? நான். ஜெல்லில் செல்லைக் கலந்து, ஊசிக்குழலில் ஏற்றி, எல்லா இடமும் சமமாகப் பரவும்படி பத்து முறை தலைகீழாகப் புரட்டுவது என் கை. ஒன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை, பத்து.

"உங்களச் சொல்லல. காரணம்னு ஒண்ண எழுதணுமே, அதுக்காக எழுதினேன்," என்றார் அண்ணி.

"எதையாவது எழுதணும்னா உங்க பேர எழுதிக்க வேண்டியதுதானே டாக்டர்?" என்றேன்.

அன்றோடு பேச்சு நின்றது. வீட்டிலும் இல்லை, காரிலும் இல்லை. ஆய்வகத்தில் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டிக்கொண்டோம். 'ஐஸ் தேவை' என்று அவர் ஒட்டுவார். 'வைத்தாயிற்று' என்று அதன் மேலேயே நான் ஒட்டுவேன். வீட்டில் அண்ணன்தான் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். "கார் சாவி எங்கன்னு கேக்கறதுக்குக்கூட நான் வேணுமா? நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரனா?" என்று கத்திப் பார்த்தார். நாங்கள் மசியவில்லை. ஒன்பது நாள் அப்படியே ஓடியது.

பத்தாம் நாள்தான் நான்காவது முயற்சி. அதுவே கடைசி முயற்சியும்கூட, ஏனென்றால் செல் ஒரே ஒரு குப்பிதான் மிச்சம் இருந்தது.

அந்தச் செல்கள் ஒரு தையற்காரம்மாவுடையவை. ஈரலில் ஒரு கட்டி வந்து அறுத்து எடுத்தபோது, கட்டியைச் சுற்றி நல்ல ஈரலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. எப்படியும் எறியப் போகிற துண்டு. ஆய்வுக்குத் தரச் சம்மதமா என்று படிவத்தோடு போய்க் கேட்டது நான். கழுத்தில் அளவு நாடா போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வெட்டுத் துண்டக் குப்பையில போடறது எங்க தொழிலுக்கே ஆகாதும்மா, எடுத்துக்கோ," என்று கையெழுத்துப் போட்டார். 'என் திசுவின் நிலையை அவ்வப்போது அறிய விரும்புகிறேன்' என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. இத்தனை வருஷத்தில் அதில் குறி போட்ட ஒரே ஆள் அவர்தான். மாதம் தவறாமல் போன் வரும். "என் துண்டு எப்படி இருக்கும்மா?"

உடம்புக்குள் இருக்கும்வரை ஈரல் வெட்டினாலும் வளரும். வெளியே எடுத்த செல் வீம்புக்காரி, பெருகவே மாட்டாள். இருக்கிற குப்பி தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

அன்று காலை பத்து மணிக்கு, உறைய வைத்திருந்த குப்பியை எடுத்து உருக்கினேன். ஜெல்லில் கலந்து ஊசிக்குழலில் ஏற்றினேன். அண்ணி பார்க்கும்படியாக, வாய்விட்டு எண்ணிக்கொண்டே பத்து முறை புரட்டினேன். அண்ணி ஒன்றும் சொல்லாமல் வாங்கி ஐஸ் தட்டில் வைத்தார். அனுமதிக் குழுவிலிருந்து அறுவை டாக்டர் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. பேச்சிலும் அவர் அறுவைதான், அது வேறு கதை. அதற்குள் போன் வந்தது. கீழே வாசலில் நிற்கிறாராம், அனுமதிச் சீட்டு இல்லாமல் காவலாளி உள்ளே விடவில்லையாம். அங்கே சீட்டு எழுதி வாங்க அரை மணி நேரமாவது ஆகும். அண்ணி கிளம்பினார். கதவருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மூஞ்சியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

நான் மேஜையைத் துடைத்தேன். தட்டில் ஐஸ் பாதி கரைந்து ஊசிக்குழல் சாய்ந்து கிடந்தது. செல் வெளியே கிடக்கிறதே என்று மனசு நினைத்ததுகூட இல்லை, கை நினைத்தது. பதினொரு வருஷமாக என் கைக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்: செல் என்றால் உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டர். போன மூன்று முறையும் ஊசிக்குழலை ஏற்றியதோடு என் வேலை முடிந்துவிடும், அண்ணி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வார். இந்த முறை யாரும் நிற்கவில்லை. எடுத்தேன், கதவைத் திறந்தேன், உள்ளே வைத்தேன், மூடினேன். பிறகு லேபிள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து, அச்சுகள் தயாரா என்று பார்க்க இன்குபேட்டரைத் திறந்தேன். அச்சுகளுக்குப் பக்கத்தில் சமர்த்தாகப் படுத்திருந்தது ஊசிக்குழல்.

ஈரக்குலை நடுங்கியது என்று சொல்வார்களே, அதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன். எடுத்து, முனையின் மூடியைக் கழற்றி, தண்டை லேசாக அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. தையற்காரம்மாவின் கடைசிச் செல்கள் ஊசிக்குழலுக்குள்ளேயே இறுகிக் கிடந்தன. ஓடிப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடியே, 'பார்த்தீங்களா, நான் எழுதினது சரிதானே' என்கிற அண்ணியின் முகம் கண் முன்னால் வந்தது. கால் அங்கேயே நின்றுவிட்டது.

கோணல் புத்திதானே, திரும்பவும் குளிர்ந்தால் இளகாதா? புது ஐஸ் கொட்டி ஊசிக்குழலை அதற்குள் புதைத்தேன். கடிகாரத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றேன். உள்ளே ஒரு கடுகளவு காற்றுக் குமிழி இருந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துச் சாய்த்துப் பார்ப்பேன். குமிழி நகரவில்லை என்றால் இன்னும் கெட்டி என்று அர்த்தம். மூன்று நிமிஷம் ஆயிற்று, நகரவில்லை. ஆறு நிமிஷம், நகரவில்லை. மாடிப்படியில் அறுவை டாக்டரின் குரல் கேட்டது, வழியில் போக்குவரத்து எவ்வளவு மோசம் என்று விளக்கிக்கொண்டு வந்தார். எட்டாவது நிமிஷம் குமிழி லேசாக அசைந்தது. ஒன்பதாவதில் மேலே ஓடியது. நான் ஊசிக்குழலைத் தட்டில் வைக்கவும் அவர்கள் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை. குப்பி உருக்கியாகிவிட்டது, சொன்னாலும் சொல்லாவிட்டாலும் செல் அதுதானே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன்.

அண்ணி ஊசி போட்டார். மூன்று அச்சிலும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. "நாளைக்குப் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு அறுவை டாக்டர் போனார்.

மத்தியானம் போன் அடித்தது. "நான்தாம்மா. என் துண்டு எப்படி இருக்கு?"

"இருக்கும்மா," என்றேன். நல்லா இருக்கு என்று எப்போதும் சொல்வேன். அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"நாளைக்கு எனக்கு ஸ்கேன். பயமா இருக்கு, அதான் போட்டேன். அங்க அது நல்லா இருக்குன்னு கேட்டா எனக்கு ஒரு தெம்பு. நாளைக்கு முடிஞ்சதும் கூப்பிடறேன்."

போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். சட்டாம்பிள்ளை அழுவதை யாரும் பார்க்கக் கூடாது பாருங்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, பரீட்சை எழுதினவ மாதிரி இருக்க?" என்று கேட்டார். அண்ணியும் நிமிர்ந்து பார்த்தார். நான் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டேன்.

மறுநாள் காலை அச்சுகளில் சாயம் ஏற்றினேன். உயிருள்ள செல் பச்சையாக ஒளிரும், செத்தது சிவப்பாக. மைக்ரோஸ்கோப் இருக்கும் அறை ஒரு அலமாரி அளவுதான், விளக்கை அணைத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பேர் தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பேசிக்கொள்ளாத இருவர் உட்காரக் கூடாத அறை அது. அண்ணி முதலில் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"பாருங்க," என்றார். பத்து நாளில் முதல் வார்த்தை.

குனிந்தேன். பச்சை. முதல் அச்சு முழுக்கப் பச்சை. இரண்டாவதும் பச்சை. மூன்றாவதிலும் கூட்டம் இல்லை, நெரிசல் இல்லை, விதை தூவினது போலச் சமமாகப் பரவியிருந்தன. எண்ணினோம். அவர் எண்ணியதை நான் எண்ணினேன், நான் எண்ணியதை அவர் எண்ணினார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். செய்த தப்பு செத்துப் போய்விட்டது, இனி யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

அண்ணி அறுவை டாக்டருக்குப் போன் போட்டார். மறுமுனையில் அவர் 'அனுமதிக்குத் தடையில்லை' என்பதைக் கால் மணி நேரம் சொன்னார். பிறகு அண்ணி கணினி முன்னால் உட்கார்ந்து அறிக்கை எழுத ஆரம்பித்தார். நான் பின்னால் நின்று படித்தேன். வெற்றிக்குக் காரணம் என்ற இடத்தில் அண்ணியின் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு எழுதினார்: கையாளும் முறை சரிசெய்யப்பட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி செய்யப்பட்டது என்றால், போன தடவை கெடுத்தது நான் என்றுதானே அர்த்தம்? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பாராட்டு. ஆனால் என் வாய் என்றைக்கு அடங்கியிருக்கிறது?

"நான் எதையும் சரி செய்யல. போன தடவையும் பத்து, இந்தத் தடவையும் பத்து. அதே கை, அதே புரட்டல். ஒழுங்கா எழுதறதுன்னா எழுதுங்க, இல்லன்னா விடுங்க!"

"அப்ப எப்படி இது மட்டும் சமமா வந்துச்சு?"

"ஏன்னா இந்தத் தடவைதான் நான் நெஜமாவே தப்புப் பண்ணேன்!"

சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. இன்குபேட்டர், இருபத்தைந்து நிமிஷம், அசையாத தண்டு, ஐஸ், குமிழி எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லச் சொல்லக் கோபம் போய் அழுகை வந்தது. "அந்தம்மாவோட கடைசிக் குப்பி. உங்க நாலு வருஷம். கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க. கேக்க மாட்டேன்னு வீம்பு பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெல்லக் கேட்டார். "ஊசிக்குள்ள இறுகிப் போயிருந்துச்சா? முழுசா?"

"முழுசா."

"போன தடவ கலந்ததுக்கும் ஊசி போட்டதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

என் நோட்டை எடுத்துப் பிரித்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது. கலந்தது பதினொன்று ஐந்து. செலுத்தியது பதினொன்று ஐம்பது. அன்றைக்கும் அறுவை டாக்டர் தாமதம். நாற்பத்தைந்து நிமிஷம் ஐஸில், தண்ணீராக இருந்த ஜெல்லில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்களிடம் எந்நேரமும் பெருகிக்கொண்டே இருக்கும் சாதாரணச் செல் ஒரு வகை உண்டு, பயிற்சிக்கு வைத்திருப்பது. அதற்கு நீலச் சாயம் ஏற்றி, ஜெல்லில் கலந்து, இரண்டு ஊசிக்குழலில் ஏற்றினேன். இரண்டையும் பத்து முறை புரட்டினேன், அண்ணியும் கூடவே எண்ணினார். ஒன்று ஐஸுக்குப் போனது, ஒன்று இன்குபேட்டருக்கு. முக்கால் மணி நேரம் டீ ஆறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு இன்குபேட்டரில் இருந்ததைக் குளிரவைத்து இளக்கி, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். இறுகி இளகியது மேலிருந்து கீழ்வரை ஒரே நீலம். ஐஸிலேயே கிடந்ததில் மேல்பாதி வெறும் தண்ணீர், நீலமெல்லாம் அடியில் வண்டலாகப் படிந்து கிடந்தது. இறுகிய ஜெல்லில் செல் கீழே இறங்க வழியில்லை; போன முறை ஐஸில் கிடந்ததில் மேலே இருந்த வெறும் ஜெல் முதல் அச்சுக்கும், அடியில் படிந்த கூட்டம் கடைசி அச்சுக்கும் போயிருக்கிறது.

போன முறை செல்களைக் கொன்றது என் கை இல்லை. காத்திருப்பு.

அண்ணி இரண்டு ஊசிக்குழலையும் கீழே வைத்தார். "நேத்து கதவுகிட்ட நின்னேனே, 'ஐஸ்லேர்ந்து எடுத்துடாதீங்க'ன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க மூஞ்சியத் திருப்பினீங்க. எனக்கும் ரோஷம் வந்துடுச்சு, போயிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "சொல்லியிருந்தா இதுவும் செத்திருக்கும். போன தடவ உங்கமேல பழிய எழுதினது தப்பு. காரணம் தெரியலன்னு எழுதியிருக்கணும். அப்படி எழுத எனக்குக் கௌரவம் இடம் குடுக்கல."

பழைய அறிக்கையைத் திறந்து அந்த இரண்டு வார்த்தைகளை அழித்தார். ஐஸில் காத்திருந்த நேரம் என்று மாற்றினார். பிறகு புது அறிக்கைக்கு வந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். "இங்க என்ன எழுதட்டும்?"

"இங்க எழுதுங்க, கையாளும் பிழைன்னு. என் பேரோட."

அண்ணி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. நடந்ததை நடந்தபடியே நேரத்தோடு எழுதினோம். என் பெயரும் இருக்கிறது.

போன் அடித்தது. எடுத்தேன்.

"நான்தாம்மா! ஸ்கேன் முடிஞ்சுது. வெட்டின எடம் மறுபடி வளந்துடுச்சாம், கட்டி கிட்டி ஒண்ணும் இல்லையாம். டாக்டரே சிரிச்சாரு. அங்க என் துண்டு எப்படி இருக்கு?"

வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மறுமுனையில் "என்னம்மா, என்னாச்சு?" என்று பதறினார். அண்ணி என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு உசுரோட இருக்கு."

"மீதி ஒம்பது?" என்று அவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. தையற்காரம்மா அளவில் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை.

"ஒம்பது போயிடுச்சும்மா. இதுக்கு முன்னாடியெல்லாம் பாதிக்குப் பாதிகூடத் தேறினதில்ல."

"அப்பாடி. அப்ப நல்ல கைதான் பாத்திருக்கு. யாரும்மா பாத்துக்கிட்டது?"

அண்ணி என்னைப் பார்த்தார். ஆய்வகத்துக்குள்தான் நின்றுகொண்டிருந்தோம், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு.

"என் நாத்தனார்," என்றார்.

நான் புதுக் கையுறை எடுக்கிற சாக்கில் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.